தகப்பனார் எழுதிய புஸ்தகம்

சரித்திரப் புஸ்தகங்களில் ராஜாக்கள் இருக்கிறார்கள், மந்திரிகள் இருக்கிறார்கள், சேனாதிபதிகள் இருக்கிறார்கள். தகப்பனார்கள் மட்டும் அநேகமாகக் கிடையாது. ஒரு ராஜாவுக்குப் பிள்ளை பிறந்ததைச் சரித்திராசிரியர் ஒரு வரியில் எழுதுவார். அதுவும் அந்தப் பிள்ளை பின்னால் பட்டத்துக்கு வந்திருந்தால்தான். அந்தக் குழந்தைக்கு ஜுரம் வந்தபோது ராஜா இரவெல்லாம் கண் விழித்தாரா, அதன் முதல் பல் விழுந்தபோது சிரித்தாரா என்பதெல்லாம் ஏட்டில் ஏறுவதில்லை. பாபர் தம் மகன் ஹுமாயூனின் படுக்கையைச் சுற்றி வந்து, "என் உயிரை எடுத்துக் கொள்" என்று பிரார்த்தித்த கதை ஒன்று இருக்கிறது. அது போல இன்னொன்று சொல்லுங்கள் என்றால் சரித்திர வாத்தியாரே சற்றுத் திணறித்தான் போவார்.

எனக்குத் தெரிந்த இன்னொரு கதை அமெரிக்கா தேசத்து யுலிஸிஸ் கிராண்டைப் பற்றியது. 1861 முதல் 1865 வரை அங்கே நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வடக்குச் சைன்யத்துக்கு வெற்றி தேடித் தந்த தளபதி அவர். 1869 முதல் 1877 வரை, இரண்டு தவணை, ஜனாதிபதியாகவும் இருந்தார். அவர்கள் நாட்டு 50 டாலர் நோட்டில் இருக்கும் தாடிக்காரர் அவரேதான். அவருடைய சண்டைகளைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புஸ்தகங்கள் இருக்கின்றன. எனக்குப் போர் வியூகங்கள் புரிவதில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆகவே, அந்தத் தளபதி வேறு வழியில்லாமல் எழுத்தாளராக மாறிய கடைசிப் பதினான்கு மாஸங்கள்தான் என்னைப் பிடித்துக் கொண்டன.

அதற்கு முன்னால் அவருடைய இளமைக் காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிராண்ட் 1822ல், தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ராணுவக் கல்லூரியில் படித்து, மெக்ஸிகோ யுத்தத்துக்குப் போய் வந்து, 1848ல் ஜூலியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். 1852ல் அவரைப் பசிபிக் சமுத்திரக் கரைக்கு மாற்றினார்கள். ஜூலியா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மூத்த குழந்தை பிரெட்டுக்கு இரண்டு வயது. கப்பலேறி, பனாமாவின் காட்டு வழியைக் கடந்து போகிற பிரயாணம் அது. அந்த நிலையில் அழைத்துப் போக முடியாது என்று மனைவியை விட்டுவிட்டுப் போனார். இரண்டாவது பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில்தான் வந்தது. 1854ல் உத்தியோகத்தை ராஜினாமாச் செய்துவிட்டு வீடு திரும்பினார். அவர் குடித்ததால்தான் போக நேர்ந்தது என்று பலர் பேசினார்கள். வீட்டுக் கடிதங்களைப் பார்த்தால் மனிதர் குடும்பத்தை நினைத்து ஏங்கிப் போயிருந்தார் என்பது தெரிகிறது. எப்படியானாலும், "பக்" என்று வீட்டில் அழைக்கப்பட்ட அந்த இரண்டாவது பிள்ளையின் முகத்தை, அவனுக்கு இரண்டு வயதான பிறகுதான் தகப்பனார் முதல் தடவையாகப் பார்த்தார். இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

பிறகு நல்ல தரித்திரம். மாமனார் கொடுத்த நிலத்தில் விவசாயம் செய்தார். செயின்ட் லூயி நகரத்துக்கு வண்டியில் விறகு ஏற்றிப் போய் விற்றார். 1857 டிசம்பர் 23ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, தம் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்த அடகுச் சீட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் 1859ல், தம்மிடம் இருந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை விற்றிருந்தால் அவர் கஷ்டமெல்லாம் ஓரளவு தீர்ந்திருக்கும். விற்கவில்லை. கோர்ட்டில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி தம் கஷ்டத்துக்குத் திரும்பினார். கடைசியில் 1860ல் கலீனா என்ற ஊரில் தகப்பனாரின் தோல் கடையில், தம்பிகளுக்குக் கீழே, உட்கார்ந்தார். அந்த ஊரில் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தால், கடைக்குட்டி ஜெஸ்ஸி எதிரே வந்து நின்று சண்டைக்கு அழைப்பானாம். இவரும் வீறாப்பாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு குத்து வாங்கிக் கொண்டு தரையில் சாய்ந்து, தோற்றேன் என்று ஒப்புக் கொள்வாராம். இரண்டு வருஷத்துக்குள் தேசம் முழுவதும் பேசப் போகும் தளபதி, அப்போது ஒரு சிறு பையனிடம் தினந்தோறும் தோற்றுக் கொண்டிருந்தார்.

யுத்தம் வந்தது. 1863ல் விக்ஸ்பர்க் முற்றுகைக்கு, பதின்மூன்று வயது நிரம்பாத பிரெட்டையும் கூடவே அழைத்துப் போனார். நம் ஊர்த் தாய்மார்கள் இதற்குச் சம்மதிப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். பையன் ஒரு சண்டையையும் விடவில்லை. ஒரு நாள் குண்டு காலை உரசிக் கொண்டு போயிற்று. அப்புறம் நோயும் வந்தது. பிழைத்துக் கொண்டான்.

ஜனாதிபதிப் பதவி, அப்போது நடந்த ஊழல்கள், அவர் நம்பிய மனிதர்கள் அவரை ஏமாற்றிய விதம் எல்லாவற்றையும் தாண்டிப் போகலாம். பதவி முடிந்ததும் இரண்டு வருஷத்துக்கு மேல் உலகத்தைச் சுற்றினார். 1879ல் நம் தேசத்துக்கும் வந்து பம்பாய், ஆக்ரா, கல்கத்தா எல்லாம் பார்த்தார். ஊர் திரும்பியபோது கையில் பெரிய பணம் இல்லை. அந்தக் காலத்தில் மாஜி ஜனாதிபதிகளுக்குப் பென்ஷன் கிடையாது. அந்தச் சட்டம் 1958ல்தான் வந்தது. ஜனாதிபதியாவதற்காகத் தளபதி பதவியை விட்டதால் ராணுவப் பென்ஷனும் இல்லை.

பக் இதற்குள் நியூயார்க்கில் வக்கீலாகி, பெர்டினாண்ட் வார்டு என்ற இளைஞனோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். 1880ல் "கிராண்ட் அண்டு வார்டு" என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. தகப்பனாரும் தம்மிடமிருந்த 1,00,000 டாலரை அதில் போட்டுப் பங்காளியானார். வார்டு கெட்டிக்காரன். புதிதாகப் பணம் போடுகிறவர்களிடம் வாங்கி, முன்பு போட்டவர்களுக்கு லாபம் என்று கொடுத்துக் கொண்டிருந்தான். கணக்குப் புஸ்தகத்தைத் தளபதி திறந்து பார்த்ததில்லை. பிள்ளையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கிராண்ட் என்ற பெயரைப் பலகையில் பார்த்துவிட்டு, பழைய சிப்பாய்கள் கூடச் சேமிப்பைக் கொண்டு வந்து கொட்டினார்கள்.

1884 மே 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வார்டு வீட்டுக்கு வந்து, ஒரு பாங்கி ஆட்டம் கண்டிருக்கிறது, ஒரே ஒரு நாளைக்கு 1,50,000 டாலர் வேண்டும் என்றான். கிராண்ட் ஊன்றுகோலோடு புறப்பட்டுக் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டிடம் போனார். முந்தைய கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தது. வாண்டர்பில்ட், கம்பெனியை நம்பித் தரவில்லை, உங்களுக்காகத் தருகிறேன் என்று சொல்லிச் செக் எழுதினார். அந்தச் செக்கோடு வார்டு போனவன் போனவன்தான். செவ்வாய்க்கிழமை கிராண்ட் ஆபீஸுக்குள் நுழைந்தபோது, எல்லாம் போயிற்று, ஒரு காசு கூடத் தேறாது என்று பக்கே தகப்பனாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பணம் போயிற்று. பக்கின் மாமனாருடைய பணம் போயிற்று. வீட்டில் புருஷன் பெண்ஜாதி இருவரிடமும் இருந்த ரொக்கத்தைச் சேர்த்து எண்ணினால் சுமார் 200 டாலர்.

வாண்டர்பில்ட் கடனைத் தள்ளிவிடத் தயாராக இருந்தார். கிராண்ட் ஒப்பவில்லை. வீடு, நிலம், யுத்தத்தில் ஜனங்கள் பரிசளித்த வாள்கள், உலகப் பிரயாணத்தில் ராஜாக்கள் கொடுத்த சாமான்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருவர் தபாலில் பணம் அனுப்பியதில் கொஞ்ச நாள் அடுப்பு எரிந்தது.

இந்த நிலையில்தான் "செஞ்சுரி" என்ற பத்திரிகை அவரைத் தேடி வந்தது. யுத்தக் கட்டுரை ஒன்றுக்கு 500 டாலர். முதலில் ஷைலோ சண்டையைப் பற்றி எழுதிக் கொடுத்தார். அது அசல் ராணுவ ரிப்போர்ட்டாக இருந்தது. பத்திரிகைக்காரர் ஜான்ஸன் சாமர்த்தியசாலி. நேரில் வந்து பேச்சுக் கொடுத்தார். பேச்சில் தளபதி எத்தனையோ சங்கதிகளை ருசியாகச் சொன்னார். "இப்போது சொன்னீர்களே, இப்படியே எழுதுங்கள்" என்ற அர்த்தத்தில் ஜான்ஸன் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். எழுத்து வித்தையில் நானும் இத்தனை வருஷத்தில் கற்றது இந்த ஒரு பாடத்தைத்தான். கிராண்ட் 62 வயதில் அதை ஒரே நாளில் பிடித்துக் கொண்டார்.

அந்த ஜூன் மாஸத்தில் ஒரு நாள் பீச் பழம் ஒன்றைக் கடித்தார். தொண்டையில் சுரீர் என்றது. பழத்தோடு குளவியை விழுங்கிவிட்டோமோ என்று நினைத்தார். தண்ணீர் குடித்தால் அது இன்னும் எரிந்தது. குடும்ப டாக்டர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் வரட்டும் என்று நாளைக் கடத்தினார். அக்டோபரில் டாக்டர் டக்ளஸ் பார்த்தபோது நாக்கின் அடியில் புற்று வளர்ந்திருந்தது. 1862ல் டானல்ஸன் கோட்டை வெற்றியின்போது அவர் வாயில் சுருட்டு இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. சந்தோஷப்பட்ட ஜனங்கள் பெட்டி பெட்டியாகச் சுருட்டு அனுப்பினார்கள். அதுவரை மட்டாகப் பிடித்தவர், வந்ததை வீணாக்குவானேன் என்று பிடிக்க ஆரம்பித்து, ஓயாமல் பிடிப்பவராகிவிட்டார். அபிமானிகள் அனுப்பிய அன்பளிப்பு இருபத்திரண்டு வருஷம் கழித்து இப்படி வந்து நின்றது.

தாம் போய்விட்டால் ஜூலியாவுக்குச் சோறு எங்கிருந்து வரும்? அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். சுயசரிதை எழுதுவது என்று தீர்மானித்தார். பத்திரிகைக் கம்பெனி நூற்றுக்குப் பத்து ராயல்டி தருவதாகச் சொல்லிற்று. நாவலாசிரியர் மார்க் ட்வைன் இதைக் கேட்டு, இது அநியாயம் என்று குதித்தார். தம் சொந்தப் பிரசுராலயத்தின் மூலம் லாபத்தில் நூற்றுக்கு 70 தருகிறேன் என்றார். பிரெட்டும் பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்துச் சொல்ல, 1885 பிப்ரவரி 27ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ராயல்டியை விட லாபப் பங்கை அவர் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. புஸ்தகம் விற்காவிட்டால் பிரசுரகர்த்தர் தம்மால் நஷ்டப்படக் கூடாதாம்! சர்வமும் தோற்றவன் இப்படி யோசிப்பது அபூர்வம்.

அன்று முதல் அது வியாதிக்கும் பென்சிலுக்கும் நடந்த பந்தயம். முதலில் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். குரல் போன பிறகு தாமே எழுதினார். படுத்தால் மூச்சு அடைக்கும். ஆகையால் இரண்டு தோல் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினார். மார்ச் மாஸக் கடைசியில் போய்விட்டார் என்றே நினைத்தார்கள். இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டிருந்த பெண் நெல்லியும் வந்து சேர்ந்திருந்தாள். ரத்தம் கக்கிப் பிழைத்து எழுந்து, மறுபடி காகிதத்தை எடுத்தார். மே மாஸத்தில் உதவிக்கு இருந்த பழைய சிநேகிதர் அதிகப் பணம் கேட்டுப் பிரிந்து போனார். பிறகு பிரெட்தான் தகப்பனாருக்குக் குமாஸ்தா. ஏடுகளைத் தேடுவதும், தேதிகளைச் சரிபார்ப்பதும், பிரதி எடுப்பதும் அவர் வேலை. புஸ்தகத்தை அமெரிக்கப் போர்வீரனுக்கும் மாலுமிக்கும் அர்ப்பணம் செய்திருந்தார். நம் கட்சியில் நின்றவர்களுக்கு என்று வரையறுக்க வேண்டாமா என்று பிரெட் கேட்டார். எதிரே நின்றவர்களுக்கும் சேர்த்துத்தான் என்றார் தகப்பனார்.

ஜூன் 16ஆம் தேதி, மௌண்ட் மக்ரெகர் என்ற மலையில் ஒரு நண்பர் கொடுத்த வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே தாழ்வாரத்தில், கழுத்தைத் துணியால் மறைத்துக் கொண்டு, மடியில் காகிதத்தோடு அவர் எழுதும் போட்டோ ஒன்று இருக்கிறது. பேச்சு நின்று போனதால் டாக்டரோடும் சீட்டு எழுதித்தான் பேசினார். ஒரு சீட்டில், நான் பிரதிப்பெயர்ச் சொல் அல்ல, வினைச்சொல் என்று நினைக்கிறேன் என்ற கருத்தை எழுதி, இருப்பது, செய்வது, துன்பப்படுவது மூன்றும் தமக்குப் பொருந்தும் என்று விளக்கியிருந்தார். நம் பாஷையில் வினை என்ற சொல்லுக்கு அதற்கும் மேலே ஒரு அர்த்தம் உண்டு. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். அவர் சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைசி மூன்று வருஷம் படுத்த படுக்கை. கடைக்குப் போக முடியவில்லையே தவிர, கணக்கை விடவில்லை. இரவு கடையைப் பூட்டியதும் பேரேடு அவர் தலைமாட்டுக்கு வந்துவிட வேண்டும். என் அண்ணா யாரோ ஒருவனுடன் கூட்டுச் சேர்ந்து நெல் வியாபாரம் செய்து, கடை முதலில் பெரும் பகுதியைத் தொலைத்திருந்தார். அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்டு நான் அறியேன். அவர் காலமான பிறகு பேரேட்டைப் புரட்டினோம். அண்ணா தொலைத்த தொகை முழுவதும், கோணல் மாணலான எழுத்தில், அப்பாவின் சொந்தப் பற்றில் எழுதியிருந்தது. அண்ணா பேரில் ஒரு தம்படி இல்லை. எட்டணா இடித்தால் கூடத் தூங்க மாட்டாத மனிதர் அவர்! ஆயுளில் அவர் எழுதிய பொய்க் கணக்கு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அண்ணா பேரேட்டை மூடிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கிராண்டின் புஸ்தகத்தை அதற்கப்புறம்தான் நான் படித்தேன். அலங்காரமில்லாத எழுத்து. உள்ளதை உள்ளபடி சொல்கிறவர், தம் பிசகுகளையும் மறைக்காதவர் என்று அதற்குப் பெயர். முகவுரையில், கூட்டாளி ஒருவனின் அயோக்கியத்தனத்தால் நொடித்துப் போனோம் என்று மட்டும் இருக்கிறது. வார்டின் பெயர் இல்லை. அவனைக் கொண்டு வந்தது யார் என்ற பேச்சே இல்லை. விக்ஸ்பர்க் அத்தியாயத்தில் பிரெட்டைப் பற்றி நாலு வரி வருகிறது. அந்தப் படையெடுப்பும் முற்றுகையும் முடியும் வரை பையன் என்னுடன் இருந்தான், எனக்கோ அவன் தாயாருக்கோ கவலை ஏதும் வைக்கவில்லை என்கிறார். காலில் குண்டு பட்டு, நோயில் விழுந்த பிள்ளை! அந்த வரியையும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று புஸ்தகத்தில் இல்லை. அவர் இறந்த பிறகு சட்டைப் பையில் ஜூலியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. 1885 ஜூன் 29ஆம் தேதியிட்டது. குழந்தைகளை நேர்மையில் நடத்திப் போ என்று சொல்லிவிட்டு, இதுவரை அவர்கள் நமக்குக் கவலை தரும்படி ஒன்றும் செய்ததில்லை என்று எழுதியிருந்தார். கம்பெனி முழுகிப் பதின்மூன்று மாஸம்தான் ஆகியிருந்தது. வாள்கள் போயாயிற்று, வீடு போயாயிற்று. எலும்பும் தோலுமாக நாற்காலியில் உட்கார்ந்து, சோற்றுக்காக எழுதிக் கொண்டிருந்த மனிதர் அந்த வரியை எழுதினார். ஆராய்ச்சிக்காரர்கள் இதைத் தவறு என்பார்கள். பக் அதைப் படித்தபோது எப்படி இருந்திருப்பார் என்பதை அண்ணாவைப் பார்த்தவனுக்கு ஊகிப்பது கஷ்டமில்லை.

ஜூலை மத்தியில் புஸ்தகம் முடிந்தது. இரண்டு பாகங்கள், 1,200 பக்கங்களுக்கு மேல். 23ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின்னால் மூச்சு நின்றது. வயது 63. பிரெட் எழுந்து போய் அறையிலிருந்த கடிகாரத்தை நிறுத்தினார். இன்றும் அந்த வீட்டில் அதன் முட்கள் 8 மணி 8 நிமிஷத்தில் நிற்கின்றன. ராணுவ மைதானத்தில் அடக்கம் செய்தால் மனைவிக்கு இடம் கிடைக்காது என்பதால், எனக்குப் பக்கத்தில் அவளுக்கும் இடம் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். ஆகவே நியூயார்க்கில் 1897ல் பெரிய சமாதி எழுந்தது. ஜூலியா 1902ல் அங்கே வந்து சேர்ந்தார். அதுவரை அவருக்கு ஒரு குறைவும் இல்லை. பழைய சிப்பாய்கள் வீடு வீடாகப் போய் விற்ற அந்தப் புஸ்தகம் 3,00,000 ஜதைக்கு மேல் செலவாகி, 4,00,000 டாலருக்கு மேல் அவருக்குக் கொடுத்தது. 1886 பிப்ரவரியில் மார்க் ட்வைனின் கம்பெனி கொடுத்த முதல் செக்கே 2,00,000 டாலர்.

பிள்ளைகளும் தகப்பனாரை மறக்கவில்லை. சண்டை போட்டு ஜெயித்துக் கொண்டிருந்த ஜெஸ்ஸி, 1925ல் தகப்பனாரைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதினார். பக் மேற்குக் கரைக்குப் போனார். தகப்பனார் அவரைப் பார்க்காமல் இரண்டு வருஷம் ஏங்கிய அதே பசிபிக் கரை. அங்கே சான் டியேகோ நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலைக் கட்டி 1910ல் திறந்தார். அதற்குத் தகப்பனாரின் பெயரைச் சூட்டினார். தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர்தான். ஒரு காலத்தில் பலகையில் அந்தப் பெயரைப் போட்டுத்தான் சர்வமும் நாசமாயிற்று. இந்தத் தடவை போட்ட பலகை இன்னும் இருக்கிறது.